இரண்டு கோடும் ஒரு வரியும்

மலேசியாவில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் ‘சூலிட்’ என்ற மலாய்ச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. தேர்வுத் தாளின் மேல் ஓரத்தில், தாள் எண்ணுக்கு எதிரே, கொட்டை எழுத்தில் அது நிற்கும். இரகசியம், பிறர் பார்க்கலாகாது என்று பொருள். 2014 செப்டம்பரில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் யூபிஎஸ்ஆர் எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியபோதும் தாள்கள் இரகசிய ஆவணங்கள்தாம். ஆனாலும் அறிவியல், ஆங்கிலக் கேள்விகள் தேர்வுக்கு முன்பே கைப்பேசிகளில் சுற்றிவந்தன. செப்டம்பர் 30-இல் மறுதேர்வு வைத்தார்கள். அதோடு விட்டதா? கணிதமும் தமிழ்மொழியும் கசிந்திருப்பது தெரியவந்து, அக்டோபர் 9-இல் அவற்றையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. யாரோ பெரியவர்கள் செய்த தவறுக்கு நாடு முழுக்கத் தமிழ்ப்பள்ளிகளின் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மறுபடியும் மேசையில் உட்கார்ந்தார்கள்.

அச்சடித்த சொல்லுக்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி கிடையாது. யார் பார்க்கலாம், யார் பார்த்தார்கள், வெளியே போனால் யார் பதில் சொல்வது என்ற ஏற்பாடு அதன் பின்னால் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

அரசாங்கத்தில் இந்த ஏற்பாடு பழையது. 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டப்படி அரசு ஆவணங்களுக்கு நான்கு படிகள் உண்டு: ரஹ்சியா பெசார், ரஹ்சியா, சூலிட், தெர்ஹாட். மேலிருந்து கீழாக, மிகப் பெரிய இரகசியம் தொடங்கி வரையறுக்கப்பட்டது வரை. 1986-இல் சட்டத்தைத் திருத்தி, மீறியவருக்குக் குறைந்தது ஓராண்டு, அதிகம் போனால் ஏழாண்டு சிறை என்று வைத்தார்கள். ‘இது இரகசியம்தான்’ என்று அமைச்சரோ பொறுப்பிலுள்ள அதிகாரியோ சான்றிதழ் கொடுத்துவிட்டால் நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்றும் சேர்த்தார்கள். இவ்வளவு பலமான முத்திரை எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி பற்றிய தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை 2016-இல் இந்தச் சட்டத்தின் கீழ் பூட்டப்பட்டது. ஆட்சி மாறிய பிறகு, 2018 மே மாதத்தில்தான் பூட்டு திறந்தது. மக்கள் பணம் போன கதையை மக்களிடமிருந்தே மறைக்க ஒரு முத்திரை போதுமானதாக இருந்தது.

முத்திரையே இல்லாத இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். கெடாவில், குனோங் ஜெராய் மலையடியில் இருக்கிற யான் மாவட்டத்தில், வயல்களுக்கு நடுவே, குவார் செம்பெடாக் போன்ற சிற்றூர்களில் சிறு அலுவலகங்கள் எத்தனையோ இயங்குகின்றன. மலையின் மறுபக்கம் குருண், பீடோங் பக்கமாகத் தோட்டங்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணியின் மேசையில் செக்ரோல் என்ற ஒரே ஒரு பெரிய புத்தகம்தான். பெயர், வேலை நாள், சம்பளம் எல்லாம் அதற்குள்தான். ஆபீஸைப் பூட்டினால் அதுவும் பூட்டிக்கொள்ளும். இன்று அதே விவரம் எக்செல் கோப்பு. கூடவே ஐசி எனும் அடையாள அட்டையின் எண், வங்கிக் கணக்கு, ஊழியர் சேமநிதி எண், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு எண், வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் கடப்பிதழ் நகலும் மருத்துவச் சோதனை முடிவும். இதை மேலாளர் கேட்டால் மின்னஞ்சலில் போகும். அவசரம் என்றால் வாட்ஸ்அப்பில் போகும். எந்த முத்திரையும் இல்லாமல் போகும்.

ஒரு ஐசி எண்ணில் என்ன இருக்கிறது என்று நின்று பார்த்தால்தான் இதன் கனம் புரியும். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். 02 என்றால் கெடா. கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். பெயரோடும் வங்கிக் கணக்கோடும் சேர்ந்து இது ஒரு மோசடிக்காரன் கையில் சிக்கினால், தொலைபேசியில் அவன் அதிகாரி மாதிரிப் பேச வேறெதுவும் தேவையில்லை. 2017-இல் நான்கு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் சந்தாதாரர் விவரம் கசிந்தது செய்தியானது. நாட்டின் மக்கள்தொகையைவிட அது அதிகம்.

வெளிநாட்டிலும் பெரிய கசிவுக்குப் பின்னால் சில சமயம் ஓர் எளிய எக்செல் கோப்புதான் நிற்கிறது. 2022 பிப்ரவரியில் பிரிட்டன் தற்காப்பு அமைச்சின் ஊழியர் ஒருவர், கொஞ்சப் பேரின் விவரம்தான் என்று நினைத்து ஒரு கோப்பை அனுப்பினார். அதற்குள் தாலிபானுக்கு அஞ்சி அடைக்கலம் கேட்ட ஏறக்குறைய 19,000 ஆப்கானியர்களின் விவரம் இருந்தது. செய்தி வெளியே வராமல் நீதிமன்றத் தடை போட்டு, 2025 ஜூலையில்தான் நீக்கினார்கள். அனுப்பியவர் கெட்டவர் அல்ல. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல அந்த நேரத்தில் எதுவும் குறுக்கே வரவில்லை.

இப்போதைய லேபிள் மென்பொருள்கள் செய்ய முயல்வது அந்தக் குறுக்கீட்டைத்தான். மைக்ரோசாஃப்ட் பர்வியூ போன்றவற்றில் ஒரு கோப்புக்கு ‘பொது’, ‘உள்ளகம்’, ‘மிக இரகசியம்’ என்று லேபிள் போட்டால், அது கோப்பின் உள்ளேயே பதிந்துவிடும். எங்கே நகலெடுத்தாலும் கூடவே போகும். கடுமையான லேபிள் என்றால் கோப்பே மறையாக்கம் செய்யப்பட்டு, அனுமதி உள்ளவர் தன் கணக்கில் நுழைந்தால் மட்டும் திறக்கும். மலேசிய ஐசி எண் வடிவத்தை அடையாளம் காணவும் அந்த மென்பொருளுக்குத் தெரியும். அப்படி எண்கள் வரிசையாக இருக்கிற கோப்பை வெளியாருக்கு அனுப்பப் போனால், நிறுத்தி எச்சரிக்கும்படி அமைக்கலாம். திரையைக் கைப்பேசியில் படமெடுப்பதை மட்டும் எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. 2014-இல் நடந்ததற்கு இன்றைக்கும் முழு மருந்து இல்லை.

மென்பொருள் இல்லாமலே இந்த நாட்டு மக்கள் கையாளும் லேபிள் ஒன்று இருக்கிறது. போட்டோஸ்டேட் கடையில் ஐசி நகல் எடுத்ததும், விவரம் தெரிந்தவர்கள் பேனாவை வாங்கி நகலின் குறுக்கே இரண்டு கோடு போடுவார்கள். கோடுகளுக்கு நடுவில் ‘இன்ன வங்கியில் கணக்குத் திறக்க மட்டும்’ என்று எழுதித் தேதியும் போடுவார்கள். எழுத்து ஐசி எண்ணைத் தொட்டும் தொடாமலும், ஆனால் வெட்டி எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது அதிலுள்ள நுணுக்கம். இது ‘இரகசியம்’ என்று மொட்டையாகச் சொல்லவில்லை. யாருக்கு, எதற்கு, எப்போது என்று மூன்றையும் சொல்லிவிடுகிறது. அரசு முத்திரையைவிட இதுதான் நல்ல லேபிள். அலுவலகங்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ‘மிக இரகசியம்’ போடுவதும் ஆபத்தே. பெரட்டு எனும் காலை வருகைப் பதிவின் நேர மாற்ற அறிவிப்புக்கும் தொழிலாளியின் காசநோய்ப் பரிசோதனை முடிவுக்கும் ஒரே சிவப்பு முத்திரை என்றால், இரண்டு மாதத்தில் யாரும் சிவப்பைப் பார்க்கமாட்டார்கள். அறிவிப்பு எல்லாரும் படிக்க. சம்பளப் பட்டியல் கணக்குப் பிரிவுக்கும் மேலாளருக்கும். மருத்துவ முடிவு அந்தத் தொழிலாளிக்கும், அதைக் கையாளும் ஒருவருக்கும். இவ்வளவு பிரித்தாலே சிறிய அலுவலகத்துக்குப் போதும். மென்பொருள் வாங்க வசதி இல்லாதவர்கள் கோப்புப் பெயரின் தொடக்கத்திலேயே வகையை எழுதலாம். எக்செலிலேயே உள்ள வசதியால் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டு, அதைத் தொலைபேசியில் தனியாகச் சொல்லலாம்.

சட்டமும் இப்போது பல்லோடு வந்திருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதம் மூன்று லட்சம் ரிங்கிட்டிலிருந்து பத்து லட்சமானது. 2025 ஜூன் முதல், கடும் பாதிப்பு தரக்கூடிய கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. 2021 ஆகஸ்ட் 18-இல் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது போன்ற ஒரு நாளில், உதவிக்காகக் குடும்பங்கள் பெயர், ஐசி, வங்கி எண் எல்லாவற்றையும் அரசிடம்தான் ஒப்படைக்கும். ஒப்படைத்தே ஆக வேண்டும். அந்தப் பட்டியலுக்கும் தனியார் நிறுவனத்துக்கு உள்ள அதே பொறுப்பு வேண்டும் என்று கேட்பது நியாயம்.

அலுவலகங்கள் பெரும்பாலும் மறப்பது ஒன்று உண்டு: கிராணி வேலையை விட்டுப் போகும் நாள். அவர் சாவியைத் திருப்பிக் கொடுப்பார். கைப்பேசியில் இறங்கியிருக்கும் நான்கு வருடச் சம்பளப் பட்டியலை யாரும் கேட்பதில்லை, அவருக்கும் நினைவிருக்காது. பூட்டுள்ள லேபிள் போட்ட கோப்பாக இருந்தால், அவருடைய அலுவலகக் கணக்கை மூடி, அனுமதிக் கெடு தீர்ந்ததும், அது அவர் கைப்பேசியில் திறக்காது. வாட்ஸ்அப்பில் வெறுமனே போன கோப்பு, அந்தக் கைப்பேசி விற்கப்பட்டு அடுத்தவர் கைக்குப் போன பிறகும் திறக்கும்.