‘ரெண்டு டின்’ கணக்கும் மாறிய சட்டமும்

“ரெண்டு டின் தானே, ஒன்னும் ஆகாது. வீடு பக்கம்தான்.” கல்யாண விருந்து முடிந்து மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடும் நேரத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் தோட்டப்புறத்திலும் சரி, பட்டணத்திலும் சரி, குறைவு. சொல்பவர் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. ஒரு காலத்தில் அந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே இருந்தது. சட்டம் மாறிவிட்டது, கணக்கு மட்டும் மாறவில்லை.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது வரை முன்பு அனுமதி இருந்தது. 2020ஆம் ஆண்டு மதுபோதை ஓட்டுநர்களால் அடுத்தடுத்து உயிர்ப்பலிகள் ஏற்பட, மக்களின் கோபம் பெருகியது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் டத்தோஸ்ரீ வீ கா சியோங் கொண்டுவந்த திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 23ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ரத்தத்தில் 80 என்பது 50 ஆனது. ஊதிக் காட்டும் சோதனையில் 35 மைக்ரோகிராம் என்பது 22 ஆனது.

இதை டின் கணக்கில் பார்த்தால் விளங்கும். 5 விழுக்காடு மது கொண்ட 320 மில்லிலிட்டர் பீர் ஒன்று, 70 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் தோராயமாக 25 மில்லிகிராம் ஏற்றும். வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்த இரண்டு டின் பழைய 80க்குள் அடங்கியிருக்கும். இன்றைய 50ஐ அதே இரண்டு டின் தொட்டுவிடும். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அளவு இன்னும் சீக்கிரம் ஏறும். சம்சு என்றால் டின் கணக்கே பொருந்தாது. அதன் வீரியம் பீரைவிடப் பல மடங்கு.

வரம்பு குறைந்தது பலருக்குத் தெரியும். தண்டனைக்கு ‘அடிமட்டம்’ ஒன்று வந்திருப்பதுதான் பலருக்குத் தெரியாது. முன்பு முதல் குற்றத்துக்கு அபராதம் 1,000 ரிங்கிட்டில் தொடங்கியது. இப்போது 10,000 ரிங்கிட்டில் தொடங்கி 30,000 வரை போகும். ஈராண்டு வரை சிறையும் உண்டு. ஓட்டுநர் உரிமம் குறைந்தது ஈராண்டுக்குப் பறிபோகும். குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி மன்றாடினாலும் மாஜிஸ்திரேட் 10,000க்குக் கீழே இறங்க முடியாது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை வாங்குபவருக்கு அது ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளம். ஊத மறுத்துத் தப்பிக்கவும் வழியில்லை. தகுந்த காரணமின்றி மறுப்பதே தனிக் குற்றம்.

அபராதத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். உரிமத்தை யாரிடமும் கடன் வாங்க முடியாது. லோரி, தொழிற்சாலை பஸ், இ-ஹெய்லிங், உணவு விநியோகம் என்று ஸ்டியரிங்கையும் ஹேண்டலையும் நம்பிப் பிழைக்கும் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு ஈராண்டுத் தடை என்பது ஈராண்டு வேலையின்மை. மரணம் விளைந்தால் நிலைமை வேறு. 44ஆவது பிரிவின்கீழ் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 15 ஆண்டு சிறை. அதற்கு மேல் 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். 25 வயதில் உள்ளே போகும் பையன் வெளியே வரும்போது அவனைப் பெற்றவர்கள் இருப்பார்களா என்பது உறுதியில்லை.

மறுநாள் காலைதான் அதிகம் பேசப்படாத ஆபத்து. தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. உடல் மதுவை மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் என்ற வேகத்தில்தான் குறைக்கும். கோப்பி ஓவோ, மோரோ, தலைக்குக் குளிப்பதோ அந்த வேகத்தைக் கூட்டாது. நள்ளிரவில் 150 அளவில் இருந்தவர் காலை 6 மணிக்கும் 60 அளவில்தான் இருப்பார். பெரட்டுக்குக் கிளம்புகிறவரும் முதல் ஷிப்டுக்கு ஆளேற்றப் போகிற பஸ் ஓட்டுநரும் தாங்கள் நிதானமாக இருப்பதாகவே நினைப்பார்கள். ஊதிக் காட்டும் கருவி வேறு சொல்லும்.

தோட்டத்துச் செம்மண் பாதை சாலையாகாது என்ற நினைப்பும் பலரிடம் உண்டு. பொதுமக்கள் கோயிலுக்கும் பள்ளிக்கும் சென்றுவரும் பாதை என்றால் சட்டத்தின் கண்ணில் அதுவும் சாலைதான். கப்சாய்க்கும் காருக்கும் வரம்பில் வேறுபாடு கிடையாது.

இவ்வளவு கடுமை காட்டும் சட்டம், வேகத்திடம் மட்டும் மென்மையாக நடந்துகொள்கிறது. நகர்ப்பகுதியில் 60 கிலோமீட்டர், பள்ளி வட்டாரத்தில் பள்ளி நேரத்தில் 30, கூட்டரசு சாலையில் 90, நெடுஞ்சாலையில் 110 என்பவை பொதுவான வரம்புகள். மீறினால் கம்பவுண்ட் பெரும்பாலும் 150 முதல் 300 ரிங்கிட் வரை. 2026 ஜனவரி 1 முதல், கம்பவுண்டில் தீரும் சம்மன்களை 15 நாளுக்குள் செலுத்தினால் பாதித் தொகை தள்ளுபடி. சீக்கிரம் கட்டவைக்க இது நல்ல வழிதான். ஆனால் சம்மனை இன்னொரு டோல் கட்டணமாகப் பார்ப்பவர்களுக்கு அந்த டோல் இப்போது மலிந்துவிட்டது.

பந்திங், கிள்ளான், காப்பார் வழியாகப் போகும் 5ஆம் எண் கூட்டரசு சாலையில் இதன் விளைவைப் பார்க்கலாம். ஊருக்கு வெளியே 90இல் வந்த கால், பட்டணத்துக்குள் கடைவரிசை தொடங்கும்போது உடனே 60க்கு இறங்குவதில்லை. 60இல் ஒரு வினாடிக்கு வாகனம் சுமார் 17 மீட்டர் நகரும். 90இல் 25 மீட்டர். பிரேக்கை மிதிக்கும் முன்னரே எட்டு மீட்டர் வித்தியாசம். குடித்திருந்தால் அந்த வினாடி இன்னும் நீளும். நாட்டில் சாலையில் மடிபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதால், இந்த எட்டு மீட்டருக்குள் மாட்டுவது பெரும்பாலும் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2025 ஜூன் 9ஆம் தேதி கெரிக் அருகே பஸ் விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் மாண்ட பிறகு, கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை அரசு கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கத் தொடங்கியது. அபராதம் மட்டும் வேகத்தை அடக்காது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: சிங்கப்பூரில் ஊதும் சோதனையின் வரம்பு இன்னும் 35 மைக்ரோகிராம்தான். உட்லண்ட்ஸில் தேறியவர் பாலம் கடந்து ஜொகூர் பாருவில் பிடிபடலாம்.

குடித்தால் ஓட்டாதே என்பது கோலாலம்பூர்வாசிக்கு எளிது. கைப்பேசியைத் தட்டினால் வண்டி வந்து நிற்கும். பிரதான சாலையிலிருந்து ஆறு மைல் உள்ளே இருக்கும் தோட்டத்துக்கு இரவு 11 மணிக்கு வண்டி கிடைப்பது அரிது, பஸ்ஸும் இருக்காது. அங்கே பொறுப்பு விருந்து வைப்பவர் பக்கமும் கொஞ்சம் சாய்கிறது. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு வேனுக்கும் சேர்த்து ஒதுக்கினால், அதன் வாடகை 10,000 ரிங்கிட்டுக்குப் பக்கத்தில்கூட வராது.

வேனும் இல்லையென்றால் காரிலேயே படுத்துத் தூங்குவது பலரின் கடைசி வழி. அதிலும் சிக்கல் உண்டு. ஓட்டாமல், வாகனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருந்தாலே 45ஆவது பிரிவு பாயலாம். போதை தெளியும் வரை ஓட்டும் வாய்ப்பே இல்லை என்று காட்ட வேண்டியது அவர் கடமை. சாவியை விருந்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் படுத்தவருக்கு அதைக் காட்டுவது எளிது.