மூடியைத் திறக்காமல் கண்டம் செய்யாதீர்கள்

"போர்டு போச்சு ஐயா, பேசாம ஒரு சவுண்ட்பார் வாங்கிப் போட்டுடுங்க" என்று கடைக்காரத் தம்பி சொன்னபோது, என் ஆம்ப்ளிஃபையரின் மூடியில் இருந்த திருகுகளில் ஒன்றுகூடக் கழற்றப்படவில்லை. கடையில் இருந்த ஸ்பீக்கர்களை மாட்டினார், தன் கைப்பேசியிலிருந்து ஒரு புதுப்பாட்டைப் போட்டார். முன்னால் இருந்த இரண்டும் பாடின, மற்ற மூன்றும் வாய் திறக்கவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்கும். சவுண்ட்பார் பெட்டிகள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே அடுக்கி இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கால் ஒடிந்த ஒரு நாற்காலியைக் கண்டம் செய்ய நாங்கள் பட்ட பாடு அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். இருப்புப் பதிவேட்டில் பக்கம் தேட வேண்டும். வாங்கிய தேதி, விலை எழுத வேண்டும். பழுதுபார்த்தால் கட்டுப்படியாகாது என்று விவரம் தெரிந்த ஒருவர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். அப்புறம்தான் அதிகாரியின் ஆணை. அதுவரை நாற்காலி வராந்தாவில் மழையில் நனையும். அந்த முறையை நாங்களே கேலி பேசியிருக்கிறோம். ஆனால் பார்க்காமல் ஒரு பொருளைச் செத்தது என்று எழுத அங்கே வழியில்லை. அந்த நியாயம் இன்றைக்குக் கடைத்தெருவில் இல்லை.

இந்த வயதில் வீட்டுக்குள் தியேட்டர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவிக்குக் காது மந்தமாகி நாலைந்து வருடம் ஆகிறது. இப்போது வரும் தட்டை டிவிகளில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ பார்த்துக்கொண்டு இருக்கிறது; பேச்சு நம்மிடம் வராமல் சுவரோடு பேசிக்கொண்டிருக்கும். சத்தத்தைக் கூட்டினால் பேச்சோடு பின்னணி இசையும் சேர்ந்து காதைப் பிளக்கும். 5.1 என்று சொல்கிற ஒலி அமைப்பில், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்ஊஃபரும் உள்ளதில், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். சென்டர் என்பார்கள். அதன் அளவை மட்டும் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம். அதற்காகத்தான் சென்னை ரிச்சி தெருவில் என் மருமகனை விட்டு ஏழாயிரம் ரூபாய்க்குப் பழைய ஆம்ப் ஒன்று வாங்கினேன். ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. பின்னால் வைத்த இரண்டு ஸ்பீக்கரும் புது டிவி வந்த நாளிலிருந்து மௌனம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பிறகு ஒரு நாள் சென்டரும் ஊமையாகிவிட்டது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம், பழைய சிவாஜி படம். வாய் அசைகிறது, வீடு நிசப்தம். அவள் என் பக்கம் திரும்பி, "எனக்குத்தான் சுத்தமா போயிடுச்சா, உங்களுக்குமா?" என்று கேட்டாள். எனக்கும்தான் கேட்கவில்லை என்று சொல்வதற்குள் அவள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன்.

கடையிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் முசியே கணக்குப் பாடத்தில்கூட தெகார்த்தைக் கொண்டுவந்துவிடுவார். 1637ல் வந்த அவருடைய நூலில் நாலு விதிகள் உண்டு. ஒரு சிக்கலை எத்தனை துண்டாகப் பிரிக்க முடியுமோ அத்தனை துண்டாகப் பிரி என்பது ஒன்று. எதையும் விட்டுவிடாதபடி எண்ணிப் பார் என்பது இன்னொன்று. அந்த வயதில் எரிச்சலாக இருந்தது. எழுபது தாண்டிய பிறகு பயன்பட்டது.

ஊமையான ஒரு ஸ்பீக்கரை நாலு துண்டாகப் பிரிக்கலாம்: ஒலி வரும் இடம், ஆம்ப், ஒயர், ஸ்பீக்கர். முதலில் ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்டர் ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றி முன் இடது ஸ்பீக்கரின் இடத்தில் மாட்டினேன். (ஒயரின் ஒரு இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது. தொட்டால் ஆம்ப் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும், சில சமயம் அதோடு போயும் விடும்.) மறுபடி போட்டேன். பாடியது. ஆக ஸ்பீக்கரும் ஒயரும் குற்றமற்றவை.

பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு டெஸ்ட் டோன் போட்டேன். இந்த ஆம்ப்களின் மெனுவில் அப்படி ஒன்று இருக்கிறது. டிவியோ பிளேயரோ இல்லாமல், ஆம்ப் தானே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் முறை வைத்து ஒரு இரைச்சலை அனுப்பும். இடது, இரைந்தது. சென்டர், ஒன்றுமில்லை. வலது, இரைந்தது. பின் வலது, பின் இடது, இரண்டும் இரைந்தன! கடைத்தம்பி "போச்சு" என்று எழுதிய மூன்றில் இரண்டு உயிரோடு இருந்தன.

எப்படி? அவர் போட்டது இரண்டு சேனல் பாட்டு. ஸ்டீரியோ முறையில் வைத்து இரண்டு சேனல் பாட்டைப் போட்டால், நேற்று பெட்டி பிரித்த புது ஆம்பிலும் அந்த மூன்று ஸ்பீக்கர் பேசாது. அது பழுது அல்ல, அப்படித்தான் அது இருக்க வேண்டும். என் வீட்டில் பின் ஸ்பீக்கர்கள் ஊமையானதற்குக் காரணம் புது டிவியின் ஒலி வெளியீடு பிசிஎம் என்று வைக்கப்பட்டிருந்தது. ஆப்டிகல் ஒயர் வழியே பிசிஎம் ஆக அனுப்பினால் இரண்டு சேனல்தான் போகும். டால்பி சுருக்கமாக அனுப்பினால்தான் 5.1 முழுதாகப் போகும். மெனுவில் ஒரு வரியை மாற்றினேன், பேசின. செலவு பூஜ்யம்.

அந்த சிவாஜி படத்தின் நிசப்தமும் அப்போதுதான் விளங்கியது. பழைய படங்களின் ஒலி மோனோ. இடத்திலும் வலத்திலும் ஒரே சத்தம். புரோலாஜிக் முறையில் ஆம்ப், இரண்டு பக்கமும் ஒன்றாக வருவதை எல்லாம் சென்டருக்குத் தள்ளிவிடும். சென்டர் செத்தால் படமே ஊமைப்படம்.

மிச்சம் இருந்தது சென்டர் மட்டும். டெஸ்ட் டோனை அதில் நிறுத்தி வால்யூமை ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் 'கர்க்' என்றது, பிறகு முழு இரைச்சல். இறக்கினேன், மறுபடி மௌனம். போர்டு செத்திருந்தால் எவ்வளவு ஏற்றினாலும் வராது. இது வேறு.

எங்கள் பண்ருட்டிப் பக்கம் கூழ் ஊற்றும் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டும் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். நான் சொன்னதைக் கேட்டதும் "ரிலேங்க" என்றார். ஆம்பைப் போட்டதும் சில நொடி கழித்து உள்ளே 'டக்' என்று கேட்கும் அல்லவா, அதுதான் ரிலே. அந்தச் சத்தத்தோடுதான் ஸ்பீக்கர்கள் ஆம்போடு சேரும். வருடக்கணக்கில் அதன் தொடுமுனைகளில் களிம்பு பிடித்துவிடும். சின்ன சத்தத்தின் மின்சாரம் அதைத் தாண்டாது, பெரிய சத்தம் தாண்டிவிடும். மூடியைத் திறந்து, ஓடும்போதே ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் அந்தச் சின்னப் பெட்டியை லேசாகத் தட்டினார். சென்டர் பேசியது. "நீங்க இத வூட்ல பண்ணாதீங்க, கரண்ட நிறுத்தினாகூட அந்தப் பெரிய கெபாசிட்டர்ல இருக்கும்" என்றார். நண்பர்களே, உங்களுக்கும் அதேதான்.

அதே கால் அமைப்புள்ள ரிலே ரிச்சி தெருவிலிருந்து வரப் பதினைந்து நாள் ஆனது. அதுவரை மெனுவில் 'சென்டர் இல்லை' என்று வைத்துவிடச் சொன்னார். அப்படி வைத்தால் வசனத்தை ஆம்ப் இடது வலது ஸ்பீக்கர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடும். அன்றைக்கே வீட்டில் பேச்சு திரும்பிவிட்டது. இதைக் கடையில் சொல்லியிருந்தால் அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். கடைசியில் ரிலே தொண்ணூறு ரூபாய், கூலி நானூறு.

"போர்டு போச்சுன்னு சொல்லிட்டாங்க" என்று நான் சொன்னதற்கு அவர் சிரித்தார். "ஐயா, நடுராத்திரி சாமி ஊர்வலத்துல ஆம்ப் நின்னா, போர்டு போச்சுன்னு சொல்லிட்டு நான் வந்துட முடியுமா? ஊர்ல வுடுவாங்களா?"

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பிறகு ஒரு நாள் போய்க் கேட்டேன். கோபப்படாமல் பதில் சொன்னார்: "மூணு மணி நேரம் உக்காந்து தேடினா நீங்க குடுக்கறது முந்நூறு ரூபா, அதுலயும் அம்பது கொறைப்பீங்க. கட வாடகை யாரு குடுக்கறது?" உண்மை. புதுப்பொருளுக்குப் பேரம் பேசாமல் கார்டைத் தேய்க்கும் நாம், பழுதுபார்ப்பவனின் கூலியில்தான் சிக்கனம் பிடிக்கிறோம். ஆனால் 'எனக்குக் கட்டுப்படியாகாது' என்பதும் 'இது செத்துவிட்டது' என்பதும் ஒரே வாக்கியமா? முதலாவதைச் சொல்லியிருந்தால் நான் வேறு ஆளைத் தேடியிருப்பேன். இரண்டாவதை நம்பி எத்தனை பேர் நல்ல ஆம்பைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டிருப்பார்கள்? இந்த ஒரு பொய்யைத்தான் நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

அவரைவிடப் பெரிய குற்றவாளி பொருளைச் செய்கிற கம்பெனி. என் சிறுவயதில் வீட்டிலிருந்த வால்வு ரேடியோவின் பின்பலகைக்குள் எந்த வால்வு எங்கே என்று படமே ஒட்டியிருந்தது. இன்றைக்கு ஆம்போடு வரும் புத்தகத்தில் இருபது மொழியில் 'உள்ளே பயனர் பழுதுபார்க்கக் கூடியது எதுவும் இல்லை' என்று எச்சரிக்கிறார்கள். சுற்றுப்படம் உள்ள சர்வீஸ் புத்தகம் அவர்களுடைய சொந்த சர்வீஸ் ஆட்களுக்கு மட்டும். எங்கள் மைக்செட்காரர் டார்ச் அடித்து, பலகையின் கோடுகளை விரலால் பின்தொடர்ந்து கண்டுபிடித்தார். வரைபடம் இருந்தால் பத்து நிமிட வேலை. கடைத்தம்பிக்குக் கட்டுப்படியாகாமல் போவதும் இதனால்தான்.

நம் அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று இணையதளம் ஒன்றும் திறந்தார்கள். விவசாயக் கருவி, கைப்பேசி மற்றும் மின்னணு, வீட்டுச் சாதனம், வாகனம் என்று நாலு பிரிவு. நல்லது. ஆனால் கம்பெனிகள் விரும்பினால் விவரம் தரலாம் என்கிற ஏற்பாடு அது. விரும்பினால் தரலாம் என்ற சுற்றறிக்கைக்கு எத்தனை பதில் வரும் என்று தபால் பிரிவில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதா?

பிரான்சில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி சொல்கிறான், அங்கே டிவி, வாஷிங் மெஷின், கைப்பேசி, மடிக்கணினி போன்றவற்றுக்கு 2021 ஜனவரியிலிருந்து பத்துக்கு எத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் போட்டே விற்க வேண்டும் என்று சட்டம் வந்ததாம். ஆவணங்கள் கிடைக்குமா, கழற்ற முடியுமா, உதிரிபாகம் கிடைக்குமா, என்ன விலை என்று பார்த்துப் போடுகிற மதிப்பெண். ஆயுளைத் திட்டமிட்டுக் குறைத்துச் செய்வதை 2015லேயே குற்றமாக்கி, இரண்டு வருடச் சிறை, மூன்று லட்சம் யூரோ அபராதம் என்று எழுதி வைத்தார்கள். அவர்களுடைய மதிப்பெண் பட்டியலிலும் ஆம்ப் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். எனக்கு மதிப்பெண் கூட வேண்டாம். விற்பனையை நிறுத்திய மாடலின் சுற்றுப்படத்தையாவது எல்லாரும் பார்க்கும்படி போடு என்று ஒரு வரிச் சட்டம் போதும். விற்று முடிந்த பொருளில் என்ன ரகசியம் மிச்சம் இருக்கிறது?

இதையே மனுவாக எழுதி, பதிவுத் தபாலில் டில்லிக்கு அனுப்பியிருக்கிறேன். நகல் கோப்பில் இருக்கிறது. பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

புது ரிலே போட்ட அன்றைக்கு அதே சிவாஜி படத்தைத் தேடிப் போட்டோம். சென்டரை மட்டும் நாலு புள்ளி ஏற்றி வைத்திருக்கிறேன். அவளுக்கு வசனம் ஒன்று விடாமல் கேட்கிறது. அடுத்த வீட்டுக்காரருக்கும் கேட்கிறதாம்.