சோம்பேறி அன்மவுண்ட்டும் அனாமத்துக் கணக்கும்

"டார்கெட் ஈஸ் பிஸி."

லினக்ஸ்ல ஒரு நெட்வொர்க் ஷேரைக் கழட்டப் போகும்போது இந்த ஒரு வரி வந்தா போதும், நம்ம மக்களுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோவம் வருமோ தெரியல. உடனே பக்கத்து சீட்டு ஞானி ஒருத்தர் எட்டிப் பார்ப்பார். "யுமவுண்ட் -எல் போடு மச்சி, போயிரும்." போட்டா போயிடும்தான். ஞானியும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுப் போயிடுவார். நான் சண்டைக்கு நிக்கிறது இந்த ஞானிங்களோடதான்.

(பி.காம் படிக்கிறவனுக்கு லினக்ஸ்ல என்னடா வேலைன்னு கேக்குறவங்களுக்கு: எங்க லேப்ல இருக்குறதே அதுதான். தவிர இதுல அக்கவுண்டன்சியும் வருது, கொஞ்சம் பொறுங்க :-))

முதல்ல அந்த வரி என்ன சொல்லுதுன்னு பாருங்க. சர்வர்ல இருக்குற ஒரு ஃபோல்டரை உங்க மெஷின்ல 'கணக்கு'ன்னு ஒரு இடத்துல மவுண்ட் பண்ணியிருக்கீங்க. அதுக்குள்ள யாரோ இன்னும் இருக்காங்க. லிப்ரேஆபிஸ்ல ஒரு ஃபைல் திறந்திருக்கலாம். ஃபைல் மேனேஜர் படங்களுக்குக் குட்டிப் படம் தயாரிச்சுக்கிட்டு இருக்கலாம். ரொம்ப சாதாரணமா நடக்குறது என்னன்னா, நீங்க கமாண்ட் அடிக்கிற அதே டெர்மினலே அந்த ஃபோல்டருக்குள்ளதான் நின்னுக்கிட்டு இருக்கும்! கடைக்குள்ள ஆள் இருக்கு, ஷட்டரை இறக்க மாட்டேன்னு கெர்னல் சொல்லுது. அது அடங்காத்தனம் இல்ல, அதோட கடமை.

இந்த '-எல்' என்ன செய்யுது? எல்னா லேஸி, சோம்பேறி. 2001ல 2.4.11 கெர்னலோட வந்த வசதி. இது ஷேரைக் கழட்டுறது இல்ல; அதோட பேரை மட்டும் போர்டுல இருந்து அழிக்குது. உள்ள இருக்குற ப்ராசஸ் பாட்டுக்கு சர்வரோட பேசிக்கிட்டே இருக்கும், அது வெளிய வந்த அப்புறம்தான் நிஜமா அன்மவுண்ட். வெளிய இருந்து பாக்குற உங்களுக்கு மட்டும் எல்லாம் முடிஞ்ச மாதிரி தெரியும்.

இப்ப அக்கவுண்டன்சி. இருப்பாய்வுல டெபிட்டும் கிரெடிட்டும் 450 ரூபா இடிக்குது. தப்பைத் தேட நேரமில்ல. அனாமத்துக் கணக்குன்னு ஒண்ணைப் போட்டு 450ஐ அதுல தள்ளினா ரெண்டு பக்கமும் டேலி ஆயிடும். தப்பு? இருந்த இடத்துலயேதான் இருக்கும். ஆனா அனாமத்துக் கணக்காவது பட்டியல்ல கண்ணுக்குத் தெரியும். சோம்பேறி அன்மவுண்ட் பண்ணின ஷேர் மவுண்ட் பட்டியல்ல கூட வராது. எங்க சார் இதுக்கு மார்க்கே போட மாட்டார்.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு கேக்கலாம். 'கணக்கு'ங்கிற இடம் இப்ப உங்க சொந்த டிஸ்க்ல இருக்குற வெறும் ஃபோல்டர். ராத்திரி 2 மணிக்கு ஒரு ஆர்சிங்க் ஸ்கிரிப்ட் அதை பேக்கப் எடுக்குதுன்னு வைங்க, '--டெலீட்' ஆப்ஷனோட. மூலத்துல ஒண்ணுமே இல்ல, அதனால பேக்கப்லயும் ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு சொல்லி மொத்தத்தையும் சுத்தமாத் துடைச்சிடும். மூணு மாசம் அலைஞ்சு திரிஞ்சு சேத்த ப்ராஜெக்ட் சர்வே இருந்த பேக்கப் அவ்வளவுதான். எர்ரர் வராது. ஸ்கிரிப்ட் சொன்னதைச் சரியாச் செஞ்சிருக்கு! இன்னொண்ணு: எழுதின டேட்டா எல்லாம் உடனே சர்வருக்குப் போயிடாது, கொஞ்சம் மெமரில காத்துக்கிட்டு இருக்கும். "அன்மவுண்ட் ஆயிடுச்சு"ன்னு நம்பி நீங்க கேபிளைப் பிடுங்கிட்டு மெஷினையும் ஆஃப் பண்ணிட்டா, அது போச்சு.

அந்தக் கமாண்டோட மேனுவலைப் படிச்ச ஞானி எத்தனை பேர்? சர்வர் செத்துப் போயிருக்கும்போது ஷட்டவுன் தொங்காம இருக்கத்தான் இதுன்னு அதுலயே இருக்கு. பண்ணினா அந்த ஷேரைத் திரும்ப மவுண்ட் பண்ண முடியாது, சீக்கிரம் ரீபூட் பண்ணணும்னும் இருக்கு.

சரி, என்னதான் பண்றது? முதல் கேள்வி: சர்வர் உயிரோட இருக்கா?

இருந்தா வேலை சுலபம். 'ஃப்யூசர் -விஎம்' போட்டு ஷேரோட பேரைக் கொடுங்க. யாரு, எந்த ப்ராசஸ், என்ன பண்ணுதுன்னு வரும். 'சி'ன்னு இருந்தா யாரோ அந்த ஃபோல்டருக்குள்ள நிக்கிறாங்க, சிடி போட்டு வெளிய வாங்க. பெரிய 'எஃப்' இருந்தா எழுதுறதுக்காக ஒரு ஃபைல் திறந்திருக்கு, சேவ் பண்ணி மூடுங்க. அதே கமாண்டுக்கு '-கே'ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, உள்ள இருக்குற எல்லாரையும் ஒட்டுமொத்தமா கொன்னுடும், சேவ் பண்ணாத வேலையோட சேத்து. அது பக்கம் போகாதீங்க. பட்டியல்ல யாருமே இல்லைன்னா, அந்த ஷேருக்குள்ள இன்னொரு மவுண்ட் இருக்கா, அதுல இருக்குற ஒரு இமேஜ் ஃபைலை லூப் டிவைஸா போட்டிருக்கீங்களான்னு பாருங்க. அப்போ பிடிச்சு வெச்சிருக்கிறது கெர்னலேதான், ஃப்யூசர் கண்ணுக்குப் படாது.

சர்வர் செத்திருந்தா கதை வேற. என்எஃப்எஸ் டீஃபால்ட்டா 'ஹார்ட்' மவுண்ட். சர்வர் திரும்பி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கும். 1984ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல பொறந்த காலத்துல இருந்து இதுக்காகத் திட்டு வாங்கிக்கிட்டே இருக்கு. நான் சொல்றேன், அது செய்றதுதான் சரி. சர்வர் வந்த உடனே விட்ட இடத்துல இருந்து வேலை தொடரும், ஒரு பைட் கூட போகாது. 'சாஃப்ட்' மவுண்ட் போட்டா கொஞ்ச நேரத்துல எர்ரரைக் கொடுத்துட்டுக் கைகழுவிடும். அந்த எர்ரரைக் கண்டுக்காத ப்ரோகிராம் பாதி ஃபைலை எழுதிட்டு, முடிஞ்சதுன்னு சொல்லும்.

அதனால முதல்ல போய் கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்க சாமி. 'டிஎஃப்' அடிச்சா அதுவும் செத்த சர்வர்கிட்ட கேள்வி கேட்டுட்டுத் தொங்கும். 'ப்ராக்' ஃபோல்டர்ல இருக்குற 'மவுண்ட்ஸ்' ஃபைலைப் படிச்சா தொங்காது. சர்வர் வரவே வராதுன்னு உறுதியாத் தெரிஞ்சா, மாட்டின ப்ராசஸுக்கு 'கில் -9'. "என்எஃப்எஸ்ல மாட்டினது கில்லுக்கும் சாகாது"ன்னு சீனியர்ஸ் சொல்றது பழைய கதை, 2008ல வந்த 2.6.25 கெர்னல்லயே அதை மாத்தியாச்சு. அதுக்கப்புறம் 'யுமவுண்ட் -எஃப்', பாக்கி நிக்கிற கோரிக்கைகளை ரத்து பண்ணும். அனுப்பாத டேட்டா அத்தோட காலி, அதைத் தெரிஞ்சே பண்ணுங்க. அதுவும் முடியலையா? அப்போ '-எல்', கையோட ரீபூட்.

"விண்டோஸ்ல ரைட் கிளிக் பண்ணி டிஸ்கனெக்ட், முடிஞ்சது"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். அங்கயும் திறந்த ஃபைல் இருக்கு, வலுக்கட்டாயமா மூடவான்னு கேக்கத்தான் செய்யும். நீங்க படிக்காம 'எஸ்' அமுக்குறீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா ஒரு விஷயத்துல யுமவுண்ட் எழுதுறவங்களையும் விட மாட்டேன். பிஸின்னு சொல்லத் தெரியுதுல்ல, யாரு பிஸின்னு சொல்றதுக்கு என்ன? முன்னாடியாவது அந்த வரிக்குக் கீழ எல்எஸ்ஓஎஃப், ஃப்யூசர் போட்டுப் பாருன்னு ஒரு குறிப்பு வந்துக்கிட்டு இருந்துச்சு. அதையும் தூக்கிட்டாங்க. அந்த இடத்தை ஞானிங்க நிரப்புறாங்க.

பி.கு: லேப்டாப் ஷட்டவுன்ல 1 நிமிஷம் 30 செகண்ட் எண்ணிக்கிட்டு நிக்குதா? ஷேரைக் கழட்டுறதுக்கு முன்னாடியே வைஃபை கட் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. எஃப்ஸ்டாப் ஃபைல்ல அந்த ஷேருக்கு 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' போட்டு, ஐடில் டைம்அவுட்டும் கொடுங்க. தொட்டா மவுண்ட் ஆகும், சும்மா கிடந்தா தானா கழண்டுக்கும். ஞானி தேவைப்பட மாட்டார் ;-)