கட்டணம் பெற்றபின் காலத்தைக் குறைப்பதோ?

தன் மண்ணில் எவர் தங்கலாம், எத்துணைக் காலம் தங்கலாம், என்ன வேலை செய்யலாம் என்று வரையறுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டிற்கும் உண்டு. அவ்வுரிமையைத் தமக்கென வேண்டி நிற்போர், பிறர்க்கு அதனை மறுத்தல் ஆகாது. ஆனால் வாயிலில் நின்று ஓர் அளவைக் கூறி, அவ்வளவிற்குரிய விலையையும் பெற்றுக்கொண்டு, ஆளை உள்ளே விட்டபின் மரக்காலை மாற்றுவது உரிமையின்பாற் பட்டதன்று. கள்ள அளவை வணிகத்தின்பாற் பட்டது. அயல்நாட்டு மாணவர்களிடம் பிரித்தானிய அரசு மீண்டும் மீண்டும் செய்துவருவது இதுவே.

அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் படித்துத் தேறும் அயலார், படிப்பு முடிந்தபின் சிலகாலம் அங்கேயே தங்கி வேலை பார்த்துக்கொள்ள ஓர் இசைவு தரப்படுகின்றது. விசா என்று பலரும் வழங்கும் நுழைவிசைவுகளுள் அஃது ஒருவகை. ‘பட்டதாரி வழி’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ‘பட்டம் பெற்றோர் வழி’ என்றாலே போதும், ‘தாரி’ எதற்கு? 2021 சூலை 1 அன்று இவ்வழி திறக்கப்பட்டது. இளங்கலை, முதுகலை முடித்தோர்க்கு ஈராண்டு. முனைவர் பட்டம் பெற்றோர்க்கு மூவாண்டு. கையில் வேலை இருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வளவு சம்பளம் பெற வேண்டும் என்பதுமில்லை. ஒருமுறை பெற்றதை மீண்டும் நீட்டித்துக்கொள்ளல் இயலாது. நிலையாகக் குடியிருக்கும் உரிமைக்குக் கணக்கிடும் ஐந்தாண்டில் இக்காலம் சேராது. ஆக, ஈராண்டிற்குள் ஒரு நிறுவனத்தைத் தேடிப்பிடித்து, அந்நிறுவனத்தின் பொறுப்பில் வேறோர் இசைவிற்கு மாறிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும். அத்தேடலுக்கு ஒவ்வொரு திங்களும் பொன்போன்றது.

இந்த ஈராண்டும் புதிதாக வந்ததன்று. 2008-இல் வந்த புள்ளிமுறைத் திட்டத்திலும் இதே ஈராண்டு இருந்தது. அதனை நம்பி 2009 இலையுதிர் காலத்தில் மூவாண்டு இளங்கலையிற் சேர்ந்தோர், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிப் படித்துக்கொண்டிருக்கையில், 2011 மார்ச்சில் அவ்வழி மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. உள்துறை அமைச்சராக அன்றிருந்தவர் தெரசா மே. 2012 ஏப்பிரலில் வாயில் அடைபட்டது. அவ்வாண்டுக் கோடையிற் பட்டம் பெற்றவர்க்குக் கையில் இருந்தது பட்டச் சான்று ஒன்றே. பின்னர், 2019 செப்டம்பரில், அதே கட்சியின் போரிசு சான்சன் அரசு, மூடிய வழியை மீண்டும் திறப்பதாக அறிவித்தது. அயல்நாட்டு மாணவரிடத்துத் திடுமென அன்பு பெருகிவிட்டதோ?

அன்பன்று; கணக்கு. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரிடம் பல்கலைக்கழகங்கள் பெறும் ஆண்டுக் கட்டணத்திற்கு அரசு உச்சவரம்பு வைத்துள்ளது. 2017 முதல் 9,250 பவுனில் நின்ற அவ்வரம்பு, 2025-இல்தான் 9,535 பவுனாயிற்று. விலைவாசி ஏறியும் வரம்பு ஏறவில்லை. அயல்நாட்டு மாணவர்க்கோ வரம்பே கிடையாது. நிறுவனம் கேட்டதே கட்டணம். உள்நாட்டார்க்குக் கற்பிப்பதிலும் ஆராய்ச்சியிலும் நேரும் இழப்பை இப்பணத்தைக் கொண்டே ஈடுசெய்கின்றனர் என்பதை, அவ்வரசே அமைத்த குடியேற்ற அறிவுரைக் குழு 2024 மே அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லிற்று. வழியைப் பரவலாகத் தவறாகப் பயன்படுத்தியதற்குச் சான்று இல்லை, ஆதலின் அதனை நீடிக்க விடுக என்பதும் அக்குழுவின் முடிவே. 2023-இல் மட்டும் 1,14,000 பேர் இவ்விசைவைப் பெற்றனர். இவ்வழியைப் பயன்படுத்துவோருள் நூற்றுக்கு நாற்பதின் மேற்பட்டோர் இந்திய நாட்டினர்.

அந்நாற்பதில் தமிழ் மக்களும் அடங்குவர். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து, அன்னையின் நகையையும் அடகு கடைக்கு அனுப்பிச் சேர்த்த பணம் அது. நம் நகரங்களில் அயல்நாட்டுப் படிப்பிற்கு ஆள் சேர்ப்போர் தொங்கவிடும் பலகைகளில், பல்கலைக்கழகத்தின் பெயரைக் காட்டிலும் பெரிய எழுத்தில் நிற்பது ‘படிப்பு முடிந்ததும் ஈராண்டு வேலை’ என்பதே. (அவ்வாள் சேர்ப்போர்க்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு கொடுப்பன அப்பல்கலைக்கழகங்களே.) கடனைக் கணக்கிட்ட தந்தை, அந்த ஈராண்டுச் சம்பளத்தையும் வரவுப் பக்கத்தில் எழுதியே கையெழுத்திட்டார். அதனைப் பேராசை என்பார் உளர். விற்பவன் சொன்ன அளவை வாங்குபவன் நம்புவது பேராசை ஆகாது.

2025 மே திங்களில், இப்பொழுது தொழிற்கட்சி அரசு, ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஈராண்டு பதினெட்டுத் திங்களாகக் குறைக்கப்படும் என்றது. முனைவர் பட்டத்தார்க்கு மட்டும் குறைப்பில்லை. அவ்வாண்டு அக்டோபரில் விதியும் திருத்தப்பட்டது. 2027 சனவரி 1 முதல் விண்ணப்பம் இடுவோர்க்கெல்லாம் பதினெட்டுத் திங்களே. ஈண்டுக் கூர்ந்து நோக்குக: அந்நாளிற்குப் பின் சேர்வோர்க்கு என்று விதி சொல்லவில்லை; விண்ணப்பம் இடுவோர்க்கு என்றே சொல்கின்றது. 2024 இலையுதிர் காலத்தில் மூவாண்டுப் படிப்பிற் சேர்ந்தவன் 2027 கோடையிலேதான் தேறி வெளிவருவான். சேர்ந்த நாளில் அவனுக்குச் சொல்லப்பட்டது இருபத்து நான்கு திங்கள். அவன் செய்த குற்றந்தான் என்ன?

காலம் மட்டுமன்று, அவன் தாண்ட வேண்டிய சுவரும் உயர்ந்துவிட்டது. புதிதாய் வேலைக்கு வருவோர் ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் தங்குதற்கு வேண்டிய குறைந்த ஆண்டுச் சம்பளம் 2022 செப்டம்பரில் 20,480 பவுன். அத்திங்களிற் சேர்ந்தவன் மூவாண்டு முடித்து வெளிவந்த 2025 சூலையில் அது 33,400 பவுன்.

இதற்கு அரசுத் தரப்பினர் கூறும் கரணியம், பட்டம் பெற்றோருட் பலர் பட்டத்திற்கேற்ற வேலையில் அமரவில்லை என்பது. அஃது உண்மையாகவே இருக்கட்டும். அவ்வாறாயின் இனி வருவோர்க்கு அதனை முன்னரே சொல்லிவிடுக. வருவோர் வருவர், வாராதார் வேறு நாடு நோக்குவர். அவ்வாறு செய்ய அவ்வரசிற்குத் தெரியாததன்று. பாடமுறை முதுகலை மாணவர் தம் குடும்பத்தாரை உடன் அழைத்து வருதலைத் தடைசெய்தபோது, 2024 சனவரி 1 அல்லது அதற்குப்பின் படிப்பைத் தொடங்குவோர்க்கே தடை என்று வகுத்தனர். முன்னரே படித்துக்கொண்டிருந்தோரைத் தொடவில்லை. அங்கே கைக்கொண்ட முறையை இங்கே ஏன் கைவிட்டனர்?

அந்நாட்டு நயன்மன்றத்திற்கும் இது புதிய வழக்கன்று. உயர்திறன் குடியேறியர்க்கென அமைந்த ஒரு திட்டத்தின் தகுதி அளவை 2006 நவம்பரில் அரசு திடுமென உயர்த்தி, அத்திட்டத்தில் முன்னரே வந்து வாழ்ந்துகொண்டிருந்தோரும் புதிய அளவை எட்ட வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டோர் அமைப்பாகத் திரண்டு வழக்கிட்டனர். 2008 ஏப்பிரலில் இலண்டன் உயர்நயன்மன்றம், முன்னரே வந்தோர்மேல் புதிய விதியைச் சுமத்தல் முறைகேடு எனத் தீர்ப்பளித்தது. அவர்கள் அவ்விசைவைக் கையிற் பெற்றிருந்தனர், மாணவரோ இன்னும் பெறவில்லை என்று சட்டம் வல்லார் வேறுபாடு காட்டுவர். ஏட்டளவில் அவ்வேறுபாடு உண்மையே. ஆனால் நம்பி வந்தமை, பொருள் செலவிட்டமை, திரும்ப வழியற்றமை ஆகிய மூன்றும் இருவர்க்கும் ஒன்றே. சொல்லப்போனால், மாணவன் செலுத்திய பொருளே மிகுதி. கல்விக் கட்டணம் ஒருபுறம் இருக்க, ஈராண்டு இசைவிற்கு மட்டும் 2025 ஏப்பிரல் கணக்கின்படி விண்ணப்பக் கட்டணம் 880 பவுன், ஆண்டுக்கு 1,035 பவுன் வீதம் நலவாழ்வுக் கட்டணம் 2,070 பவுன், ஆக 2,950 பவுன் முன்பணமாகக் கட்ட வேண்டும்.

செருமானியர் முறை வேறு. அங்கும் படிப்பு முடித்த அயலார்க்கு வேலை தேடப் பதினெட்டுத் திங்களே. ஆயின் அரசுப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை அயலாரிடமும் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. இளங்கலைப் பாடங்கள் பெரும்பாலும் செருமானிய மொழியிலேயே நடக்கின்றன. வேண்டுவோர் அம்மொழியைக் கற்றுக்கொண்டு வருகின்றனர்! காலத்தைக் காட்டிக் கட்டணம் பறிக்கும் தேவை அவர்க்கில்லை.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் இதில் வாய்மூடி நிற்றல் தகாது. ஈராண்டைக் காட்டி மாணவரை ஈர்த்தவை அவையே. சேர்க்கை மடலில், சேரும் நாளில் நடைமுறையிலிருக்கும் வேலைக்காலத்தை எழுதித் தருதலும், அதனை அரசு பின்னர்க் குறைக்குமாயின் நடுவிலே விலகுவோர்க்கு எஞ்சிய கட்டணத்தைத் திருப்புதலும் அவற்றால் இயலாதன அல்ல. அரசு செய்ய வேண்டுவதோ இன்னும் எளிது. 2025 அக்டோபரில் விதி திருத்தப்படுமுன் படிப்பிற் சேர்ந்தோர்க்கு ஈராண்டே செல்லும் என ஒரு வரியை அவ்விதியிற் சேர்த்தால் போதும். 2027 கோடையில் தேறி வரும் மாணவர்க்கு அவ்வொரு வரி ஆறு திங்களை மீட்டுத் தரும்.