கிருமிக்கு என்ன தீனி?

சிரைக்குள் செருகிய கதீட்டர், எலும்பில் பொருத்திய தகடு, செயற்கை இதய வால்வு. இவற்றில் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியாக்கள் தனித்தனியாக வாழ்வதில்லை. தாமே சுரந்த பிசினுக்குள் கூட்டமாகக் குடியேறிப் படலம் கட்டிவிடுகின்றன. காலையில் பல்லில் நாக்குக்குத் தட்டுப்படும் வழவழப்பும் இதே ரகம்தான். பிசினுக்குள் புகுந்த கிருமியை மருந்து லேசில் அசைப்பதில்லை. பல நேரங்களில் கதீட்டரையே பிடுங்கினால்தான் காய்ச்சல் விடும்.

எனவே 'இந்தக் கிருமி படலம் கட்டுமா?' என்பது டாக்டருக்கு முக்கியமான கேள்வி. ஆய்வகம் தரும் பதிலோ, கிருமியை மட்டுமல்ல, அதற்கு வைத்த தீனியையும் பொறுத்தது.

சோதனை என்னவோ எளிதுதான். 1982-ல் அமெரிக்காவில் கிறிஸ்டென்சன் குழுவினர், தோலில் சாதுவாக வாழும் ஸ்டெபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் கிருமியைக் குழாயில் வளர்த்து, திரவத்தைக் கொட்டிவிட்டுச் சாயம் ஊற்றினார்கள். உட்சுவரில் சாயம் ஒட்டினால் பிசின் உண்டு. இன்று 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஊதாச் சாயத்தோடு அதே வேலை நடக்கிறது. வழக்கமான டிரிப்டிக் சோயா கரைசலில் லிட்டருக்கு 2.5 கிராம் குளுக்கோஸ் இருக்கும். இன்னும் கொஞ்சம் சேர்த்தால், வெளிறிக் கிடந்த குழி பளிச்சென்று ஊதாவாகிவிடுவது உண்டு!

சர்க்கரையைத் தின்ற கிருமி அமிலத்தை வெளியிடுகிறது, கரைசல் புளிக்கிறது. ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸில் மெதிசிலினுக்கு அடங்காத வகைகள் பல, இந்தப் புளிப்பில்தான் புரதங்களைக் கொண்டு ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. அடங்கும் வகைகள் பலவற்றை உசுப்புவது உப்பு.

ஈ.கோலை நேர் எதிர். ஆய்வகங்களில் பழகிய கே-12 வகைக்குக் குளுக்கோஸ் கொடுத்தால் படலம் குறைகிறது. சூடோமோனாஸுக்கு இரும்பு வேண்டும். கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் உள்ள லாக்டோஃபெரின் இரும்பைப் பறித்துக்கொண்டபோது, அந்தக் கிருமிகள் சாகவில்லை. ஓரிடத்தில் தங்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தன என்று 2002-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கொல்லாமலே குடியமர்வதைத் தடுக்கும் இந்த வித்தை, மருந்துகளுக்குக்கூட அவ்வளவாகக் கைவரவில்லை.

எந்தக் கரைசல், எவ்வளவு குளுக்கோஸ், எத்தனை மணி நேரம் என்று சொல்லாமல் 'படலம் கட்டாது' என்று வரும் ஆய்வக அறிக்கையை நம்பி, கதீட்டரை உடம்பிலேயே விட்டுவைப்பது சூதாட்டம். உண்ணாவிரத நிலையில் ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்குச் சுமார் 0.9 கிராம். கட்டுக்கடங்காத நீரிழிவில் அது 3 கிராமையும் தாண்டும். சிரை வழியே உணவு ஏற்றப்படும் நோயாளிக்கோ, கதீட்டருக்குள் ஓடுவதே அடர்த்தியான குளுக்கோஸ்தான்.