ஜீப்பைத் தூக்கினால் என்ன ஆகும்?

இலுப்பூர், புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஊர். சுற்றிலும் செம்மண் பூமி. நடுநடுவே பாறை. ஊருக்கு ஊர் கண்மாய். தார் ரோட்டை விட்டு இறங்கினால், வண்டிப் பாதைதான்.

இந்த ஊரில் ஒரு குடும்பம். அவர்களிடம் ஒரு பழைய ஜீப். இப்படி வைத்துக்கொள்வோம்.

ஒருநாள் மகன் சொல்கிறான்:

"அப்பா, ஜீப்பை நாலு அங்குலம் தூக்கிடலாம்பா. அதுக்குன்னு சாமான் செட்டாவே விக்கிறான்."

"எதுக்குடா?"

"காட்டுப் பாதையில அடி தட்டுதே!"

திண்ணையில் இருந்த அப்பத்தா கேட்கிறாள்: "தூக்கிட்டா நான் எப்படிடா ஏறுவேன்?"

அப்பத்தா கேட்டது நல்ல கேள்வி. ஆனால், கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் பல இருக்கின்றன.

இன்று பல ஊர்களில் இந்த ஆசை பரவி இருக்கிறது. 2020-ல் புதிய "தார்" ஜீப் வந்தது. அதன் உயரத்தையும் பெரிய சக்கரத்தையும் பார்த்த இளைஞர்கள், வீட்டில் நிற்கும் பழைய ஜீப்பையும் அப்படி ஆக்க நினைக்கிறார்கள்.

ஆக்கலாமா? பார்ப்போம்.

வில் வண்டியும் ஜீப்பும்

ஜீப், சண்டைக்காகப் பிறந்த வண்டி. இரண்டாவது உலகப் போரில் அமெரிக்கப் பட்டாளம் ஓட்டியது. 1940-களின் கடைசியில், மகிந்திரா கம்பெனி பாகங்களைத் தருவித்து, பம்பாயில் ஜீப் பூட்டத் தொடங்கியது. பிறகு இங்கேயே செய்தது.

பழைய வில் வண்டியை நினைத்துப் பாருங்கள். அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவே இரும்பு வில் இருக்கும். பள்ளத்தில் சக்கரம் விழுந்தால், அடியை வில் வாங்கிக்கொள்ளும்.

பழைய ஜீப்பிலும் அதே வில்தான். பட்டறையில் அதைக் "கமான் பட்டை" என்பார்கள். பல பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, யு போல்ட் போட்டு அச்சோடு இறுக்கி இருப்பார்கள். பட்டையின் முனையைச் சட்டத்தோடு சேர்ப்பது ஷாக்கிள்.

ஜீப்பைத் தூக்குவது என்றால் என்ன? வளைவு அதிகமான பட்டை போடுவது. அல்லது கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது. அல்லது நீளமான ஷாக்கிள் போடுவது. இப்படிச் செய்தால் சட்டமும் பாடியும் மேலே போகும்.

இவ்வளவுதானா? இல்லை. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

கல் எங்கே தட்டுகிறது?

ஜீப்பின் அடியில் மிகவும் தாழ்ந்த பாகம் எது? சட்டம் அல்ல. அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் கிரவுன் ஹவுசிங். பாதையில் கிடக்கும் கல், பெரும்பாலும் அதில்தான் தட்டும்.

அந்த ஹவுசிங் அச்சோடு சேர்ந்தது. அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. பட்டை தாங்குவது அச்சுக்கு மேலே உள்ள சட்டத்தை.

ஆகவே, பட்டையை 4 அங்குலம் உயர்த்தினாலும் அச்சு அப்படியே நிற்கும். நேற்றுத் தட்டிய கல், இன்றும் தட்டும்!

அச்சு உயர வேண்டும் என்றால் பெரிய டயர் போட வேண்டும். அதிலும் பாதிதான் கிடைக்கும். டயரின் மொத்த உயரம் 2 அங்குலம் கூடினால், அச்சு 1 அங்குலம்தான் உயரும்.

பெரிய டயர் போட்டால் வேறு தொல்லை. சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். மீட்டர் குறைத்துக் காட்டும். டயர் பத்தில் ஒரு பங்கு பெரிதானால், மீட்டர் 50 என்னும்போது வண்டி 55-ல் போகும். பிரேக்குக்கும் வேலை அதிகம்.

ஒன்றைத் தொட்டால் நாலு

சட்டத்தை மட்டும் தூக்கினால், கீழே உள்ள மற்ற சாமான்கள் சும்மா இருக்குமா?

என்ஜின் சக்தியை அச்சுக்குக் கொண்டுபோவது புரப்பெல்லர் ஷாப்ட். வண்டி உயர்ந்தால் அது செங்குத்தாகச் சாயும். அதன் கிராஸ் சீக்கிரம் தேயும். வண்டி அதிரும்.

சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸ், பழைய உயரத்துக்கு அளந்து போட்டது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஹோஸ் விறைத்து இழுபடும். அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டியரிங் கம்பியும் சாயும். மேட்டில் ஏறி இறங்கும்போது, பிடித்திருக்கும் கையை மீறி வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

விளக்கைத் திருத்தி வைக்காவிட்டால், வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

ஷாக் அப்சார்பரும் பழைய நீளம் போதாது.

ஆகவே, "பட்டை மட்டும் மாற்றினால் போதும்" என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள்.

வைக்கோல் வண்டிக் கணக்கு

இனி, உயிர் சம்பந்தமான விஷயம்.

வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பாரம் உயர உயர வண்டிக்காரர் மெதுவாக ஓட்டுவார். திருப்பத்தில் மாட்டை அதட்ட மாட்டார். ஏன்? உயரமான பாரம் சாயும் என்று அவருக்குத் தெரியும்.

ஜீப்புக்கும் அதே கணக்குதான்.

பழைய வில்லிஸ் ஜீப்பில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே சுமார் 48 அங்குலம். அதில் பாதி 24. எடையின் மையம் தரையிலிருந்து 24 அங்குல உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருப்பத்தில் இந்த வண்டியைக் கவிழ்க்க 100 பங்கு வேகத் தள்ளுதல் வேண்டும் என்று கொள்ளுங்கள்.

இப்போது வண்டியை 4 அங்குலம் தூக்குகிறோம். அச்சும் சக்கரமும் ஏறாததால், மையம் 3 அங்குலம் ஏறியது என்று வைப்போம். அதாவது 27. 24-ஐ 27-ஆல் வகுத்தால் 89 பங்கு. முன்பு 100 பங்கு தள்ளினால்தான் கவிழும். இப்போது 89 பங்கே போதும்!

இதோடு பின்சீட்டில் ஆறு பேர் உட்கார்ந்தால்? மையம் இன்னும் மேலே போகும்.

தூக்காத ஜீப்பே கவிழும் என்ற பேச்சு, அமெரிக்காவில் பெரிதாக எழுந்தது. 1980 டிசம்பரில் அங்கே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், சி.ஜே.5 என்ற ஜீப் திருப்பத்தில் கவிழும் சோதனையைக் காட்டினார்கள். கம்பெனி அந்தச் சோதனையை ஏற்கவில்லை. ஆனால் ஜனங்கள் விழித்துக்கொண்டார்கள்.

கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் குழந்தை குட்டிகளோடு போகும் வண்டி இது. இதை மறக்கக்கூடாது.

கோர்ட்டு என்ன சொன்னது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அதில் 52-வது பிரிவு இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம், வண்டியைச் செய்த கம்பெனி குறித்த அளவிலிருந்து மாறும்படி யாரும் வண்டியை மாற்றக்கூடாது என்று அது சொல்கிறது.

இதுபற்றிய வழக்கு ஒன்று கேரளாவில் இருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2019 ஜனவரி 9-ந்தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர், கம்பெனி செய்த மூல அளவை மாற்றக்கூடாது என்று கூறிவிட்டார்கள்.

அதே ஆண்டு சட்டமும் கடுமையாகத் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில். அல்லது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். அல்லது இரண்டும்!

2024 ஜூலையில் கேரளாவில் ஒரு சம்பவம். வயநாடு மாவட்டம் பனமரத்தில், கூரை இல்லாமல் உருமாற்றிய ஜீப் ஒன்று ரோட்டில் ஓடியது. படம் எங்கும் பரவியது. கேரள ஐகோர்ட்டு தானாகவே அதைக் கவனித்தது. நடவடிக்கை எடுக்கும்படி சொன்னது.

இன்சூரன்சும் இருக்கிறது. மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, விபத்துக்குப் பிறகு வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்டால், கம்பெனி மறுக்க இடம் உண்டு.

பழைய வண்டிக்காரருக்கு இன்னொரு சங்கடம். 15 ஆண்டு ஆன சொந்த வண்டியின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி, 20 ஆண்டு தாண்டிய கார், ஜீப்புக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10 ஆயிரம் ரூபாய். பணம் மட்டும் கட்டினால் போதாது. வண்டியையும் காட்ட வேண்டும். தூக்கிய ஜீப் அங்கே மாட்டிக்கொள்ளும்.

நியாயம் இல்லையா?

"ஆசைக்குத் தூக்குகிறவனும், காட்டுப் பாதைக்காகத் தூக்கும் விவசாயியும் ஒன்றா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது.

ஆஸ்திரேலியாவில் சிறிய உயர்வை, பொதுவாக 50 மில்லிமீட்டர் வரை, சான்று இல்லாமல் அனுமதிக்கிறார்கள். அதற்கு மேல் போனால் என்ஜினீயர் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறும். இப்படி அளந்து, சோதித்து அனுமதிக்கும் வழி இங்கும் வேண்டும் என்று சர்க்காரைக் கேட்கலாம். அந்த வழி வரும்வரை, இருக்கும் சட்டத்தை மீறக்கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

இலுப்பூர் ஜீப் ஏன் அடி தட்டுகிறது? பட்டைகள் பழசானதால் தொய்ந்திருக்கும். வண்டி பிறக்கும்போது இருந்த உயரமே இப்போது இருக்காது!

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். அச்சிலிருந்து சட்டம் வரை அளந்து பாருங்கள். இடதும் வலதும் ஒன்றாக இருக்கிறதா? பட்டையில் விரிசல் இருக்கிறதா? புஷ் தேய்ந்திருக்கிறதா?

தொய்ந்த பட்டையை எடுத்துவிட்டு, கம்பெனி அளவிலேயே புதுப் பட்டை போடுங்கள். புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் அதே அளவில் மாற்றுங்கள். இழந்த உயரம் திரும்பி வரும். ஆர்.சி.யில் ஒரு எழுத்தும் மாறாது.

யு போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக்கூடாது. சட்டத்துக்குக் கீழே உறுதியான ஸ்டாண்டு வைத்த பிறகே படுக்க வேண்டும்.

பாதையில் கிடக்கும் கல்லையும் மறக்காதீர்கள். நாலு பேர் கூடினால் ஒரு காலைப் பொழுதில் புரட்டிவிடலாம். பெரிய பள்ளமானால் பஞ்சாயத்தில் மனுக் கொடுக்கலாம்.

மகன் அளந்து பார்த்தான். இடது பக்கம் ஒன்றரை அங்குலம் தொய்ந்திருந்தது.

"பட்டையை மாத்தினா போதும்பா" என்றான்.

"அப்போ நான் ஏறலாம்ல?" என்றாள் அப்பத்தா.