டிரைவர்மீது மட்டும் பழியா?

கேமரன் மலைப் பாதையில் லாரி புரண்டது என்ற செய்தி நமக்குப் புதிதல்ல. செய்தியோடு கூடவே “டிரைவரின் அஜாக்கிரதை” என்ற தீர்ப்பும் வந்துவிடுகிறது. விசாரணைக்கு முன்பே தீர்ப்பு!

கியா பார்ம் 5,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. காய்கறியும் தேயிலையும் ஏற்றிய லாரிகள் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ சமவெளிக்கு இறங்குகின்றன. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே பாரத்தைப் பிடித்தால் பிரேக்குக் கட்டை சூடேறி, பிடிமானம் போய்விடும். சிறிய கியரில், எஞ்சினின் இழுப்பில் மெல்ல இறங்கவேண்டும் என்பது அனுபவமுள்ள டிரைவருக்குத் தெரியாததல்ல. ஆனால் நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசியவனுக்கு, மெல்ல இறங்கும் ஒவ்வொரு மணியும் வருமான நஷ்டம். அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றச் சொன்னவர் யார்? தேய்ந்த டயரை “இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்” என்றவர் யார்? அவர்கள் லாரியில் ஏறுவதே இல்லை.

2025 மே 13-ல் தெலுக் இந்தானில் நடந்ததை மறந்துவிட முடியுமா? சித்ரா பௌர்ணமி விழாக் காவலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியும் கல் ஏற்றிவந்த லாரியும் மோதின. 9 போலீசார் மாண்டனர். நம் திருவிழாவுக்குக் காவல் நின்றவர்கள் அவர்கள். டிரைவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் லாரிக்குரிய உரிமம் வேறொருவருக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்ததும், ஜி.பி.எஸ். கருவி இல்லாததும் அரசாங்க விசாரணையில் வெளிவந்தனவே, அவை டிரைவரின் அஜாக்கிரதையா?

அதன்பின், 2025 அக்டோபர் 1 முதல் கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அது நெடுஞ்சாலைக்கு உதவும். ரிங்லெட் இறக்கத்தில் 40 கிலோமீட்டரே எமவேகம்! அங்கே காப்பாற்றுவது பிரேக்குப் பரிசோதனையும் பாரத்தை நிறுக்கும் தராசும்தான்.

இன்னொன்று. சரக்கு மூட்டைகளின்மேல் ஆட்களை ஏற்றும் வழக்கம் ஒழியவேண்டும். லாரி சாய்ந்தால் உள்ளே இருக்கும் டிரைவரைவிட மேலே இருப்பவனுக்கே ஆபத்து அதிகம். தூக்கி எறியப்பட்டுத் தலையிலோ முதுகெலும்பிலோ அடிபடுகிறான். அல்லது சரக்கின் அடியில் நசுங்குகிறான். முதுகுத்தண்டு முறிந்தவன் பிழைத்தாலும் கொழுந்துக் கூடையை மறுபடி தூக்குவதில்லை.

அடிபட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை சம்பந்தமான பயணத்திலும், வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையிலான பயணத்திலும் ஏற்படும் விபத்துக்குச் சொக்சோ நட்டஈடு உண்டு. விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது முதலாளியின் கடமை. வங்காளதேச, நேபாளத் தோழர்களுக்கும் 2019 முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு; அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மருத்துவச் சீட்டையும் போலீஸ் புகார் நகலையும் பத்திரப்படுத்துங்கள். “பிறகு பார்க்கலாம்” என்று கையில் திணிக்கப்படும் இருநூறு வெள்ளிக்கு மயங்கிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிரைவர் தோழர்களே! 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கையில், முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், வேலையைவிட்டு விலகி நிற்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. பிரேக்கு பிடிக்காத லாரியின் சாவி கையில் தரப்பட்டால், குறையை எழுத்தில் கொடுங்கள். நகல் ஒன்றைச் சங்கத்திடம் சேர்த்துவிடுங்கள்.